மாஸ்ரர் பதில்கள்: வன்னியில் எங்கே இரண்டு மலை?

போன இதழில் எங்கள் பக்கத்துக் கலைஞர்களைப் பற்றி இரண்டு பந்தி எழுதியதன் விளைவு, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். யாருக்கு எங்கிருந்து எண்ணம் வருகிறது, எதைப் பார்த்துக் கீறுகிறார்கள், ஏன் இன்னும் ஆடுகிறார்கள் என்று ஒரே கேள்விகள். சில பதில்கள் நீண்டுவிட்டன. சிலதுக்குச் சொல்ல அதிகம் இல்லை, கட்டையாக விட்டுவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

என் மகன் ஆறாம் ஆண்டு படிக்கிறான். படம் கீற நல்ல விருப்பம். ஆனால் எதைக் கீறச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, பக்கத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை. வேறொன்றும் வருவதில்லை. அவனுடைய கற்பனை வளர என்ன செய்யலாம் மாஸ்ரர்?
(தாய் ஒருவர், மாங்குளம்)

தங்கச்சி, உங்கள் மகனை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்துமூன்று வருடம் சித்திரம் படிப்பித்தவன் நான். அந்த இரண்டு மலையையும் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வகுப்பிலும் கண்டிருக்கிறேன். என் மேசைக்கு வந்த மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் பிதுருதலாகலை பக்கத்தில் புற்றுப்போலத் தெரிந்திருக்கும்.

மாங்குளத்தில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். ஏ-9 வீதி, ரயில் பாதை, அதற்கப்பால் காடு. மலை எங்கே இருக்கிறது? வன்னியில் பேரில் மலை உள்ள ஊர்கள் உண்டு, ஆனால் சூரியன் நடுவில் எட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு கூர்மலை உங்கள் மகன் ஒருநாளும் கண்டிருக்க மாட்டான். அது கலண்டரில் இருந்து வந்தது, பக்கத்து மேசைக்காரனின் கொப்பியில் இருந்து வந்தது. அவனுக்கு அதைக் கொடுத்தவனுக்கு வேறொருவன் கொடுத்தான். பிள்ளையில் பிழை இல்லை. மலை கீறினால் புள்ளி கிடைக்கும் என்று பழக்கியது எங்களைப் போன்ற வாத்திமார்தான். நானும் ஆரம்பத்தில் புள்ளி போட்டிருக்கிறேன்.

எனக்கு ஐந்தாம் ஆண்டில் படிப்பித்தவர் ஒருநாள் வகுப்புக்கு ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கீறுங்கோ." பத்து நிமிசத்தில் எல்லாரும் முடித்துவிட்டோம். நேரான ஒரு கோடு பிடி, கீழே ஒரு சதுரம். அவர் ஒருவருக்கும் புள்ளி போடவில்லை. "இந்த மண்வெட்டிக்காரன் வலக்கைக்காரனோ, இடக்கைக்காரனோ?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். பிறகு எழும்பிப் போய்ப் பார்த்தோம். பிடியில் ஓரிடம் தேய்ந்து, வழுவழுப்பாகி, மற்ற இடத்தைவிடக் கறுத்திருந்தது. தகட்டில் ஒரு மூலை மற்ற மூலையைவிடக் குறுகிப் போயிருந்தது. அன்றைக்கு இரண்டாம் முறை கீறிய மண்வெட்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் மகனுக்கு இப்போதைக்குக் கற்பனை வேண்டாம், கண் போதும். சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் ஒரு பின்னேரம் குளக்கட்டுக்குக் கூட்டிப் போங்கள். வன்னியில் குளத்துக்கா பஞ்சம்? தண்ணீர் உள்ளே இழுத்துப் போயிருக்கும். கட்டடியில் புல் பச்சை, அதற்கப்பால் ஈரச் சேறு, அதற்கப்பால் காய்ந்து வெடித்த சாம்பல் நிறம், கடைசியாகத் தகடுமாதிரி ஒரு கீலம் தண்ணீர். மாடுகள் தண்ணீருக்குப் போன பாதை அந்தச் சேற்றுக்குள்ளால் வளைந்து வளைந்து போகும். கொக்கு நிற்கும். காலம் வாய்த்தால் கூழைக்கடாவும் நிற்கும். அங்கேயே கீறச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு, "என்ன கண்டாய்?" என்று மட்டும் கேளுங்கள். வாயால் சொல்லட்டும். அடுத்த நாள் பென்சிலைக் கொடுங்கள், அழிறப்பரை ஒளித்துவையுங்கள்.

முதல் படத்தில் குளத்துக்குப் பின்னால் மலை வரும். பரவாயில்லை. மூன்றாம் படத்தில் போய்விடும்.

உயர்தரத்தில் சித்திரம் பாடம் செய்கிறேன். உள்ளூர்க் கலைஞர்களின் 'இன்ஸ்பிரேஷன்' பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். கலைஞர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது?
(மாணவி, கிளிநொச்சி)

பிள்ளை, இந்தச் சொல்லோடு நீ கலைஞர்களிடம் போனால் ஒரு பதிலும் கிடைக்காது. நான் போய்ப் பட்டவன். "உங்களுக்கு உந்துதல் எது?" என்று கேட்டால் பெரியவர்கள் ஒன்றில் சிரிப்பார்கள், அல்லது "எல்லாம் அம்மாளின் அருள்" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்கள். "இதை முதன்முதல் ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டுப் பார். கதை வரும்.

என் ஐயாவின் கதையைச் சொல்கிறேன். அவர் மாட்டுவண்டிக்காரர். காட்டுத்தடி, நெல், கிடுகு, கிடைத்ததெல்லாம் ஏற்றினார். பாட்டு அவருக்கு வராது, குரல் கரகரத்த குரல். எனக்கு ஐந்து வயதில் அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை, வந்து கண் திறக்காமல் கிடந்தேனாம். பிள்ளை எழும்பினால் மூன்று வருடம் காத்தான் ஆடுகிறேன் என்று ஐயா நேர்த்தி வைத்தார். காத்தவராயன் மாரியம்மனின் மகன் அல்லவா, அம்மாளுக்கு வைக்கிற நேர்த்தியைக் காத்தவராயன் கூத்தாடித் தீர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் எழும்பிவிட்டேன். ஐயா மாட்டிக்கொண்டார்.

ஆறு மாதம், வண்டி அவிழ்த்த பிறகு, இரவில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் பழக்கம். காத்தவராயன் கூத்து சிந்துநடையில் ஆடுவது. பாட்டின் இழுப்புக்கு உடம்பு அசைந்து அசைந்து வர வேண்டும். ஐயாவுக்குக் கால் வந்தது, குரல் வரவில்லை. அண்ணாவியார் அவருக்குப் பின்காத்தானைக் கொடுத்தார். ஒரே இரவில் காத்தானை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஆடுவார்கள், கடைசியில் கழுவேறுகிற காத்தான்தான் பின்காத்தான். விடியப்புறம் அவன் கழுமரத்துக்குப் போகும்போது சபை அழும். கரகரத்த குரல் அந்த இடத்துக்குப் பொருந்தும் என்று அண்ணாவியாருக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம் மங்கி வானம் வெளுக்கிற நேரம், ஐயா கழுமரப் படியில் கால் வைக்க, நான் அம்மாவின் சீலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினேனாம்.

மூன்று வருடத்தில் முடிய வேண்டியதை ஐயா பன்னிரண்டு வருடம் ஆடினார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "மூண்டாம் வருசத்தோட நேர்த்தி முடிஞ்சுது தம்பி. பிறகு ஆடினது ருசி" என்றார். உன் கட்டுரைக்கு இது உதவுமோ தெரியாது, எனக்கு இதைவிட நல்ல விளக்கம் ஒருவரும் சொன்னதில்லை.

இன்னும் இரண்டு பேரைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் அம்மா பனையோலைப் பெட்டி இழைக்கிறா. சாயம் போட்ட ஓலையைச் சாயம் போடாத ஓலையோடு சேர்த்து ஒரு வேலைப்பாடு செய்வா. பச்சைக்குள் மஞ்சள் சரிந்து போய்ச் சிவப்பில் முடியும். பரம்பரை வேலைப்பாடு என்று நினைத்துக் கேட்டேன். இல்லையாம். முல்லைத்தீவுக்குப் போய்வருகிற தனியார் பஸ் ஒன்றின் பக்கத்தில் அப்படிப் பெயின்ற் அடித்திருந்ததாம், அது பிடித்துப் போய்விட்டதாம். மற்றவர் கோயில் வாகனம் செய்கிறவர். அவருடைய மயிலின் கழுத்து எல்லாரும் செய்கிற மயிலின் கழுத்தைப்போல இராது, ஒரு பக்கம் சந்தேகத்தோடு திரும்பியிருக்கும். எங்கள் வயல்காரர் மயிலைக் கண்டால் கல்லெடுப்பார்கள், விதைத்ததைக் கிண்டித் தின்றுவிடும். இவர் வரம்பில் குந்தியிருந்து பார்த்ததெல்லாம் கல்லுக்குப் பயந்த மயில்களை. வாகனத்திலும் அந்தப் பயம் ஏறிவிட்டது.

நீ மூன்று பேரைத் தேடிப் போ. இணையத்தில் இருந்து எடுத்து எழுதாதே, பிடிபடுவாய்.

முல்லைமோடி என்றால் என்ன? வடமோடி, தென்மோடி கேள்விப்பட்டிருக்கிறேன்.
(வாசகர், வவுனியா)

வடமோடி, தென்மோடி என்பவை மட்டக்களப்பில் செழித்த கூத்து முறைகள். மன்னாரில் கத்தோலிக்கக் கூத்துகளுக்கு வடபாங்கு, தென்பாங்கு என்பார்கள். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடுகிற முறைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் முல்லைமோடி. மெட்டும் ஆட்டமும் வேறு. அதைக் கடிதத்தில் விளக்க முயன்றால் நீச்சலைக் கடிதத்தில் படிப்பித்த கதையாகிவிடும். போய்ப் பாருங்கள்.

ஆனால் ஏன் கோவலன் கதை என்பதைச் சொல்லலாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனால்தான். மதுரையை எரித்த பிறகு கண்ணகி இலங்கைக்கு வந்து ஒவ்வோர் இடமாகத் தங்கினாள், பத்தாவதாகத் தங்கிய பத்தாப்பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பது எங்கள் ஊர்ச் சொல். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்தாளாம். பொழுதுபட்டது, விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் தண்ணீரை அள்ளி ஊற்றுங்கள் என்றாள். எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிய பிள்ளைகள் தலையெல்லாம் கண்ணைக் கண்டார்கள்.

இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னே பாக்குத் தெண்டல் என்ற சடங்கைச் செய்து, கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்தக் கடல் தண்ணீரில் விளக்கேற்றுகிறார்கள். ஒரு கிழமை எரிந்த பிறகு வற்றாப்பளையில் பொங்கல். தண்ணீர் எரியுமோ என்று விஞ்ஞானம் கேட்கிறவர்கள் கேட்கட்டும். சித்திரக்காரனுக்கு அந்தத் தலையெல்லாம் கண் ஒன்றே போதும். பாண்டியன் சபையில் சிலம்பு உடைத்த கண்ணகியை எல்லாரும் கீறிவிட்டார்கள். பேன் பார்க்கத் தலையைக் கொடுத்துக் குந்தியிருக்கிற கிழவிக் கண்ணகியை எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று கீறி நான் இன்னும் காணவில்லை. காத்திருக்கிறேன்.

2022க்குப் பிறகு வர்ணப் பெட்டி விலை கேட்கவே பயமாக இருக்கிறது. மூன்று பிள்ளைகள் படம் கீறுகிறார்கள். மலிவான வழி ஏதும் உண்டா?
(தந்தை, ஒட்டுசுட்டான்)

உண்டு. கறுப்பில் இருந்து தொடங்குங்கள்.

பூவரசங்கம்பை பென்சில் மொத்தத்தில் வெட்டிப் பட்டையை உரித்துக் காயவிடுங்கள். ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரேயொரு ஓட்டை போட்டு இறுக்கி மூடி, சோறு சமைத்த அடுப்புத் தணலுக்குள் புதைத்துவிடுங்கள். ஓட்டையால் புகை வரும். புகை நின்றால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் எரிந்து சாம்பலாகும், எனக்கு இரண்டு தரம் ஆனது. விடியும்வரை விடுங்கள். முருங்கைக் கம்பில் செய்யாதீர்கள், தொட்டாலே உதிரும்.

சிவப்புக்கு ஒட்டுசுட்டானில் உள்ள நீங்கள் காசு கொடுத்தால் வெட்கம். கிறவல் கிடங்கில் நல்ல சிவந்த மண் ஒரு பேணி எடுத்து, இடித்து, தண்ணீரில் கலக்கிச் சற்று நேரம் விடுங்கள். மணல் அடியில் போய்விடும். மேலே கலங்கி நிற்கிற தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் சரித்து ஓர் இரவு வையுங்கள். அடியில் படிந்த வண்டலைக் காயவைத்து அரைத்தால் முகத்துக்குப் பூசுகிற மாவைப்போல வரும். அதைக் கடதாசியில் ஒட்டவைக்க விளாம்பிசின். பிசினைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு வடித்துக் கலக்குங்கள், ஒரு கராம்பு போட்டால் பூஞ்சணம் பிடிக்காது. பழைய காலத்துச் சுவரோவியக்காரர்களும் விளாம்பிசினைத்தான் நம்பினார்கள்.

மஞ்சளுக்குக் கறிமஞ்சள் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வெயில் பட்டால் வெளிறிவிடும். நீலம் எங்கள் மண்ணில் இல்லை. நீலம் மட்டும் வாங்குங்கள். அதுவும் நல்லதுதான், காசு கொடுத்து வாங்கிய நீலத்தைப் பிள்ளை வானம் முழுக்க அப்பமாட்டான்.

கூத்துக்காரர் முகத்துக்குப் பூசிய அரிதாரத்தை நாங்களும் படத்துக்குப் பாவிக்கலாமா?
(மாணவன், முள்ளியவளை)

வேண்டாம் தம்பி. உண்மையான அரிதாரம் ஆர்சனிக் சேர்ந்த மஞ்சள் கல். நஞ்சு. 'அரிதாரம் பூசுவது' என்ற பேச்சு மட்டும் மிஞ்சியிருப்பது நல்லதுக்குத்தான்.

வன்னிக் கலைஞர்கள் போரைத் தவிர வேறொன்றையும் கீற மாட்டார்களா? எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் முட்கம்பி, கண்ணீர் வடிக்கிற கண், புறா. சொன்னால் கோபிப்பார்கள் என்று வாய் திறப்பதில்லை. உங்களிடம் கேட்கிறேன்.
(இளைஞர், வவுனியா)

கேட்டது நல்லது. எனக்கும் அந்தக் கண்ணீர்க் கண்ணைக் கண்டால் சலிப்புத்தான். ஆனால் போரைக் கீறுவதால் வந்த சலிப்பு அல்ல அது. அந்தக் கண்ணை அவர்கள் காணவில்லை. முதல் கேள்வியில் வந்த இரண்டு மலையைப்போல, அதுவும் எங்கேயோ இருந்த படத்தில் இருந்து வந்தது. முட்கம்பியை உண்மையில் பார்த்தவனுக்கு வேறு கதை இருக்கும். முகாமில் முட்கம்பி உடுப்புக் காயப்போடுகிற கொடி. எங்கள் வரிசைக்காரர் முள்ளில் சீலை கிழியாமல் எப்படிப் போடுவது என்று பழகி வைத்திருந்தார்கள். முட்கம்பியில் குழந்தைச் சட்டைகள் காய்கிற படம் ஒன்று கீறிக் கொண்டுவாருங்கள், நான் கண்காட்சிக்கு வருகிறேன்.

2009இல் நாங்கள் கடற்கரை மணலுக்குள் இருந்தபோது பங்கருக்கு மண்மூட்டை வேண்டும், சாக்கு இல்லை. பெண்கள் சீலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். முதலில் பழைய சீலை, பிறகு நல்ல சீலை, கடைசியில் கூறைச் சீலை. என் மனிசியும் தைத்தா. அரக்குச் சிவப்பு, மயில் கழுத்து நிறம், கத்தரிப்பூ நிறம், சரிகைக் கரை எல்லாம் மணலால் புடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க, பின்னேர வெயில் சரிகையில் பட்டது. அவ்வளவு அழகான சுவரை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அழகைக் கண்ட கண்ணை என்ன செய்வது? சித்திர வாத்தியின் கண், அது தன்பாட்டுக்குப் பார்த்தது.

பிறகு நாலு வருடம் நான் ஒன்றும் கீறவில்லை. முகாமில் நிவாரண மாப்பெட்டியின் மட்டையில் ஒரு அலுமினியப் பானை கீறினேன், அவ்வளவுதான். 2013இல் அந்தச் சீலைச் சுவரைக் கீறப் பார்த்தேன். மூன்று தரம். மூன்றும் புடவைக்கடை விளம்பரம் மாதிரி வந்தது. கிழித்துவிட்டேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, தையல் வேலை செய்து பிழைக்கிறவள், இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். சில மாதத்தால் ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்தாள். சீலைத் துண்டுகளைப் பொருத்தித் தைத்து, உள்ளே கடல் மணல் நிரப்பி, வாயைத் தைத்து மூடியிருந்தாள். கையில் தந்தாள். பாரம். அந்தப் பாரம்தான் என்னுடைய மூன்று படத்திலும் இல்லாதது. "இதுக்கு என்ன பேர் வைக்கலாம் சேர்?" என்றாள். பேர் வேண்டாம் என்றேன். இப்போது அது என் மேசையில் கடதாசி பறக்காமல் வைக்கிற பாரமாக இருக்கிறது, அவளுக்கும் அதில் சந்தோசம்.

ஆகவே தம்பி, போரைக் கீறட்டும், கீறாமல் விடட்டும். வயலைக் கீறினாலும் சரி. ஆனால் கண்டதா, கடன் வாங்கியதா என்று மட்டும் கேளுங்கள். கேட்டால் சிலர் கோபிப்பார்கள்தான்.

இப்போது போனிலேயே செயற்கை நுண்ணறிவு படம் கீறித் தருகிறதே, இனிச் சித்திரம் எதற்கு?
(வாசகர், பரந்தன்)

என் பேரனும் இதைத்தான் கேட்டான். "வற்றாப்பளைப் பொங்கல் கீறு" என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கரும்பு வந்தது, மாடு வந்தது, பட்டுச் சீலை கட்டிச் சிரிக்கிற பெண் வந்தாள், பானை பொங்கியது. தைப்பொங்கல் வாழ்த்து மட்டை. பின்னால் பார்த்தால் இரண்டு மலை, நடுவில் சூரியன்! என்னிடம் படித்த பிள்ளைதான் அதற்குள் இருக்கிறது என்று நினைத்தேன்.

மகள் சித்திரம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். வேலை கிடைக்குமா?
(தாய், விசுவமடு)

உண்மையைச் சொல்கிறேன் அக்கா. ஓவியம் விற்றுச் சீவிக்கிற ஆட்கள் வன்னியில் மிகக் குறைவு. ஆசிரிய வேலைதான் பெரிய வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சேர். பொன். இராமநாதன் பெயரில் கலைப் பீடம் இருக்கிறது, மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர்தரப் பெறுபேற்றோடு செயன்முறைப் பரீட்சையும் வைப்பார்கள், அதற்கு இப்போதே தினமும் கீற வேண்டும். பட்டம் முடித்தும் வேலைக்காகக் காத்திருந்த பிள்ளைகளை நான் அறிவேன், அதையும் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் பதாகை எழுதினார்கள், மணவறை சோடித்தார்கள், கோயில் சுவருக்குப் பெயின்ற் அடித்தார்கள். அதை இழிவென்று நினைக்காத பிள்ளையாக இருந்தால் விடுங்கள், படிக்கட்டும்.

வன்னி மண்ணைப் பார்த்து எழுதியவர்களில் யாரை வாசிக்கலாம்?
(மாணவி, முல்லைத்தீவு)

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', 1973இல் வந்த நாவல், தண்ணிமுறிப்புக் காடும் வயலும் அதில் இருக்கிறது. நிலத்தில் பொந்துக்குள் வாழ்கிற ஒரு பறவையின் பெயரைக் கதைக்கு வைக்க அந்த ஊர்க்காரனால்தான் முடியும். பிறகு பரந்தன் குமரபுரத்துத் தாமரைச்செல்வி. வயல் வேலையை வயல்காரர் வீட்டுக்குள் இருந்து எழுதியவர். இரண்டு பேரையும் படித்துவிட்டு எனக்கு எழுது.

மாஸ்ரர், போன இதழில் பாலைப்பழம் சிவப்பு, வீரைப்பழம் மஞ்சள் என்று எழுதி, கூடவே ஒரு கொப்பும் கீறியிருந்தீர்கள். இரண்டும் மாறிப் போச்சு. பாலைதான் மஞ்சள், வீரைதான் சிவப்பு. காட்டுக்குப் போகிற எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
(விவசாயி, குமுழமுனை)

ஐயா, பிழைதான். முழுப் பிழை. சின்ன வயதில் பாலைப்பழம் தின்று, பால் ஒட்டிய உதட்டை எண்ணெய் போட்டுக் கழுவியவன் நான். அப்படியிருந்தும் காட்டுக்குப் போய் எத்தனை வருடம் என்று யோசித்தேன். கதிரையில் இருந்து நினைவில் கீறியிருக்கிறேன். இந்தப் பக்கம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொன்னதை நானே செய்யவில்லை. ஆசிரியர் குழுவில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அவர்கள் என்னைவிட மோசம்.

பழக் காலம் வந்ததும் இரண்டு மரத்திலும் ஒவ்வொரு கொப்பு, இலையோடு, வெட்டி அனுப்ப முடியுமா? புதுக்குடியிருப்புப் பக்கம் வருகிற யாரிடமும் கொடுத்துவிட்டால் போதும். பஸ் கூலி நான் கொடுக்கிறேன். பாலைப்பழம் வழியில் குறைந்தாலும் கேட்க மாட்டேன், கீறுவதற்கு ஐந்தாறு மிஞ்சினால் சரி.